தெரேசாக்காவின் தாச்சி லாச்சி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். தெரேசாக்கா ஒரு நாள் கதிரையில் இருந்தபடியே போய்விடுவார் என்றும், அது மத்தியானச் சமையலுக்கு முன்னால் நடக்கும் என்றும், செய்தி முதலில் லண்டனுக்குப் போய்த்தான் எனக்கு வரும் என்றும் கல்லடியில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் இப்போது பெயர் வரவில்லை. ஆனால் சொன்னேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் ஒரு கதவுப் பலகையைச் சீவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. லண்டனில் இருக்கும் ஜெசிந்தா. தெரேசாக்காவின் ஒரே மகள்.

"மாமா, அம்மாட வீட்ட ஓடிப் போங்க. சுகந்தியக்கா இப்பதான் எடுத்தவ. அம்மா எழும்புறா இல்லையாம்."

சுகந்தி, தெரேசாக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. கறி வைக்க இரவல் வாங்கிய தாச்சிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அக்கா கதிரையில் இருந்த விதத்தைப் பார்த்துவிட்டு லண்டன் நம்பரை அழுத்தியிருக்கிறாள். என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் இரண்டே இரண்டு வளவு. சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி என்னிடம் வந்தது.

எல்லாம் முன்பே தெரிந்த மனிதன் நிதானமாக நடந்து போயிருக்க வேண்டும். நான் ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் என் மனைவி பரமேசின் செருப்புமாக ஓடினேன். போய்ப் பார்த்தால் அக்கா குசினிக் கதிரையில் சாய்ந்திருந்தார். முன்னால் சுளகில் பாதி ஆய்ந்த முருங்கையிலை. சுகந்தி தாச்சியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன், இதை எங்க வைக்கிற?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. அவளிடமிருந்து அதை வாங்கி நான் வைத்துக்கொண்டேன். டாக்குத்தர் வந்து பார்த்து, தூக்கத்தில் போனதுபோலத்தான் போயிருக்கிறா என்று சொல்லிவிட்டுப் போகும்வரை தாச்சி என் கையில்தான் இருந்தது. பரமேஸ் வந்துதான் அதைப் பிடுங்கினாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று ஜெசிந்தா கேட்டாள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நான் விட்டேன். எழுத்து என்னை விடவில்லை. ஒரு முறை வாசிகசாலையில் என் கடிதம் ஒன்றை வாசித்த ஒரு தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். அப்படிப்பட்ட எனக்கு இந்த மூன்று கிழமையாக ஒரு வரி ஓடவில்லை. எங்கே தொடங்கினாலும் கதை அக்காவுக்கு நான் செய்த குசினி அலுமாரியில் போய் முட்டுகிறது. ஆகவே அலுமாரியைப் பற்றியே எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அதன் லாச்சியை, அந்த இழுப்புப் பெட்டியை, இழுத்துப் பார்த்தவர்கள்தானே.

தெரேசாக்கா முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் சமையற்காரியாக இருந்தவர். அந்தக் காலத்திலேயே சொந்தமாகத் தாச்சிகள் வாங்கித் தன் வீட்டில் சேர்த்து வைத்தார். மொத்தம் பதினான்கு. நான் வெளியில் நாற்பது என்று சொல்லி வந்திருக்கிறேன்; பதினான்கு என்பதே சரி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஆணியால் புள்ளி புள்ளியாக 'தெ.சூ.' என்று குத்தியிருக்கும். சூசை என்பது காலமான அவருடைய கணவரின் பெயர். எங்கள் பக்கத்தில் கலியாணம், முதல் நன்மை, செத்தவருக்கான அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எதுவானாலும் பந்தல் போடுவதற்கு முன்பு தெரேசாக்காவின் தாச்சிக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். சைவக்காரர், வேதக்காரர் என்று தாச்சிக்கு வித்தியாசம் கிடையாது. நான் கொக்கட்டிச்சோலையிலிருந்து பரமேசைக் கட்டிக் கல்லடிக்கு வந்த புதிதில், என் மாமியார் வீட்டில் எனக்குச் சமைத்துப்போட்ட முதல் விருந்தும் அந்தத் தாச்சியில்தான்.

வந்து கேட்கிறவரிடம் அக்கா மூன்று கேள்வி கேட்பார். எத்தனை பேருக்கு, என்ன கறி, ஆர் ஆக்கிற? மூன்றாவதற்குச் சரியான பதில் வராவிட்டால் தாச்சி கிடையாது.

"தாச்சி தாறதில எனக்கு ஒண்டுமில்ல. அடிப்பிடிச்சுக் கொண்டந்தா எனக்குத்தான் தெரியும், ஆர் கறியப் பாக்காமக் கதை பேசிக்கிட்டு நிண்டது எண்டு," என்பார். சொல்லும்போது என்னைப் பார்ப்பார். ஏன் என்னைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

இந்தத் தாச்சிகள் எல்லாம் குசினியில் சீமெந்துத் தட்டுக்குக் கீழே, இருட்டில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. அடியில் உள்ளதை எடுக்க வேண்டுமானால் குந்தியிருந்து மேலே உள்ள ஐந்தாறைத் தூக்க வேண்டும். அக்காவின் முழங்கால் போன பிறகு அது பெரிய பாடாகிவிட்டது. ஒரு நாள் குந்தியவர் எழும்ப முடியாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆட்கள் இருந்தும் அவர் கூப்பிடவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து சுகந்தி தேங்காய் துருவுகிற துருவலை கேட்டுப் போனபோது, "வா புள்ள, கொஞ்சம் கைய குடு, சும்மா இருந்துட்டன்," என்றாராம். சுகந்தி அதை லண்டனுக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா வீடியோவில் வந்தாள். நானும் அங்கே இருந்தேன். மின்குமிழ் மாற்றப் போயிருந்தேன்.

"அம்மா, ஒண்டில் இஞ்ச வாங்க. இல்லாட்டி சிஸ்டர்மார்ட முதியோர் இல்லத்தில இருங்க. வீட்டப் பூட்டுவம்."

"பூட்டினா தாச்சி கேட்டு வாற ஆக்கள் எங்க போற?"

"அது உங்கட பிரச்சினையா அம்மா?"

"ஓம்."

"விழுந்து கிடந்தா ஆர் பாக்கிற?"

"நான் விழல்ல. இருந்தனான்."

அன்றைக்கு இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஜெசிந்தா ஒரு கணக்குக்கு வந்தாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வருவாள். ஒரு நேரச் சோறு கறியை அம்மா தனியாகச் சமைத்துக் காட்ட வேண்டும். தான் பக்கத்தில் நிற்பாள், கை கொடுக்கமாட்டாள். முடிந்தால் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டாள். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போவாள்.

போனை வைத்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் ஏணியில் நின்றேன்.

"கீழ கிடக்கிற சாமான் என்னட்ட வரவேணும், தம்பிராசா. நான் கீழ போகமாட்டன். அவள்ட லண்டன் குசினியில பாத்தனான், பலகைய இழுத்தா சட்டியெல்லாம் வெளிய வருது. அப்பிடி ஒண்டு ஒனக்குச் செய்ய ஏலுமா, ஒண்ணாதா?"

"இது என்னக்கா பெரிய வேலை. கண்ண மூடிக்கிட்டுச் செய்வன்."

"கண்ணத் தொறந்துகிட்டே செய். எனக்கு நேரமில்ல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எனக்குப் பசிச்சா நான் ஒருத்தரையும் கேக்கப்படாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படியொரு இழுவை லாச்சியை மரத்தில் செய்த முதல் ஆள் நான்தான். கொழும்பிலிருந்து வந்த ஒரு இஞ்சினியர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அவர் இஞ்சினியர் இல்லை, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பிள்ளை என்று பரமேஸ் சொல்வாள். படம் பிடித்தது உண்மை.

கடைப்பலகை கடற்காற்றுக்கு ஊதிவிடும் என்பதால், கொக்கட்டிச்சோலையில் என் அண்ணன் வீட்டில் கிடந்த பழைய முதிரை மரக் கதவு இரண்டைக் கொண்டுவந்து அறுத்தேன். செங்கலடிச் சந்தியில் ஒரு கடையில் லாச்சி ஓடுகிற இரும்புத் தண்டவாளம் வாங்கினேன். கடைக்காரர்கள் அதைச் சனல் என்பார்கள். லாச்சிக்கும் அலுமாரிக்கும் இடையில் இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம் விட்டால்தான் அது ஓடும். இதெல்லாம் எனக்குப் பிறவியிலேயே தெரிந்த விசயம். கடைக்காரனும் ஒருமுறை சொன்னான்.

பிறகு அளவெடுக்கப் போனேன். அக்கா எல்லாத் தாச்சியையும் குசினி நிலத்தில் பரப்பச் சொன்னார். நான் அளவு ரேப்பைப் பிடித்துக்கொண்டு, செங்கலடியில் இதே ரேப்பால் ஒரு கலியாண மண்டபத்தையே அளந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாய வச்சிட்டுத் தாச்சிய அள," என்றார்.

அளந்தேன். பலகைத் துண்டில் பென்சிலால் எழுதினேன். திங்கட்கிழமை ஒன்பது தாச்சி இருந்தது. எனக்கு ஒன்றில் சந்தேகம் வந்து புதன்கிழமை திரும்பப் போனால் பதினொன்று இருந்தது. அதில் திங்கட்கிழமை அளந்தவை ஐந்துதான். வெள்ளிக்கிழமை ஏழு. யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள், யாரோ கொண்டு போகிறார்கள். நான் அளந்த தாச்சி வீட்டில் இல்லை, வீட்டில் இருந்த தாச்சி என் பலகையில் இல்லை. கூட்டிப் பார்த்தால் மொத்தம் பத்தொன்பது வந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"பதினாலுக்கு மேல எனக்கில்ல. நீ ஒண்ட ரெண்டு தரம் எழுதியிருப்பாய்."

"நான் அப்பிடிச் செய்யிற ஆளா அக்கா?"

"அதுதான் சொல்றன்."

வேறு ஊரில் ஒரு வீட்டு அலுமாரிக்கு அளவெடுக்கிறவன், அந்த வீட்டில் இருக்கிற சாமானை அளந்தால் போதும். இங்கே அப்படி இல்லை. ஒரு வீட்டின் பெரிய தாச்சி அந்த வீட்டில் இருப்பதே இல்லை. இதை இந்த ஊரில் நாற்பது வருடம் விருந்து சாப்பிட்ட நான் மறந்துவிட்டேன். தலை குழம்பி, பலகையில் இருந்ததில் பெரிய அளவை எடுத்து, அதற்கு மேல் ஒரு அங்குலம் கூட்டி லாச்சியைச் செய்தேன். இரண்டு லாச்சி. மேல் லாச்சி சின்னத் தாச்சிகளுக்கு, கீழ் லாச்சி பெரியவற்றுக்கு. பொருத்திப் பூட்டிய அன்று அக்கா கதிரையில் இருந்தபடி ஒரு விரலால் இழுத்தார். எண்ணெயில் ஓடுவது போல வந்தது. திரும்பத் தள்ளினார். மறுகா இழுத்தார். ஒரு பத்துத் தரம் இழுத்திருப்பார். எனக்குத் தேத்தண்ணி இரண்டு தரம் தந்தார்.

ஜெசிந்தா வருவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. செங்கலடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்த தாச்சி, கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் கால்மாறிச் சடங்குக்கும் அங்கேயே நின்று, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பியது. இரண்டு பக்கமும் காது வைத்த, கனத்த அடியுள்ள தாச்சி. அக்கா அதன் அடியைத் தடவிப் பார்த்தார்.

"வந்துட்டா. நாளைக்கு இவவிலதான் நண்டு," என்றார்.

நண்டுக்கறி ஜெசிந்தாவின் சாப்பாடு. சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்தத் தாச்சியில்தான் அக்கா வைத்துக்கொடுத்தார்.

நான் தாச்சியைத் தூக்கிக் கீழ் லாச்சியில் வைத்தேன். உடம்பு இறங்கியது, காது இறங்கவில்லை. இரண்டு காதும் பக்கப் பலகைகளின் மேல் குந்திக்கொண்டன. தாச்சி எழும்பி நின்றது. லாச்சியைத் தள்ளினால் மேல் சட்டத்தில் விளிம்பு இடித்தது. திருப்பி வைத்தேன், சாய்த்து வைத்தேன், கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தால் உள்ளே போகும். ஆனால் அந்தக் கனத்தைக் கவிழ்ந்த நிலையில் அக்காவால் தூக்க முடியாது. சும்மா வெளியே வைக்கலாமே என்றால், எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் குனிய வேண்டும். தட்டின் மேல் வைத்தால் அரிவதற்கும் வடிப்பதற்கும் இடம் இல்லை.

"வேற தாச்சியில வையுங்களன் அக்கா. அவளுக்கு என்ன தெரியும்?"

"அவளுக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வெளியே போய்க் கல்லடிப் பாலத்தின் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாவியில் ஒருவன் தோணியில் போனான். அவன் தோணி விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, தோணியைத் தள்ளுகிற தாங்கு கம்பு உருண்டுவிடாதபடி அதில் படுக்க வைத்திருந்தான். என் தலைக்குள் மின்னல் அடித்தது. ஓடி வந்து, லாச்சியின் இரண்டு பக்கப் பலகையிலும் காதின் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினேன். தண்டவாளத்துக்காக விட்ட அரை அங்குல இடைவெளி இருக்கிறதே, காதின் மிச்சம் அதற்குள் நீட்டிக்கொண்டது. தாச்சி அடியில் முட்டாமல் இரண்டு காதிலும் தொங்கிக்கொண்டு நின்றது. லாச்சி மூடியது. இழுத்தால் இரண்டு காதும் கைக்கு நேரே வந்து நின்றன. குனியவும் தேவையில்லை, அடியில் கை போடவும் தேவையில்லை. இந்தக் கதையை நீங்கள் என் வாயால் பல தடவை கேட்டிருப்பீர்கள்.

அடுத்த நாள் ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு குசினி நிலையில் சாய்ந்து நின்றாள். நான் யன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே வரக்கூடாது என்று இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். அக்கா அரிசியைக் கழுவி வைத்தார். கதிரையில் இருந்தபடி காலால் கதிரையை ஒரு சாண் அரக்கினார். கீழ் லாச்சியை இழுத்தார். இரண்டு காதையும் பிடித்தார். பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு இருந்தார். ஜெசிந்தாவின் கை தன்பாட்டில் அவிழ்ந்தது. ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"அங்கேயே நில்லு," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

தூக்கினார். அடுப்பில் வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது சமையல். அதில் அவருக்குப் பரீட்சை வைக்க ஆள் பிறக்கவில்லை. நண்டு கொதிக்கத் தொடங்கியபோது ஜெசிந்தா லாச்சியைக் குனிந்து பார்த்தாள். பள்ளத்தை விரலால் தடவினாள்.

"இந்த வெட்டு ஆர்ட மூளை?"

"என்ட," என்று நான் யன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன்.

அக்கா கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். "அவனுக்கு மூளைக்குக் குறைவில்ல, புள்ள. நீ உப்பப் பாரு," என்றார்.

ஜெசிந்தா உப்புப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள். உப்புக் கூடவோ என்று நான் பயந்தேன். சரியாக இருந்ததாம். திறப்பைக் கொண்டுபோகாமலே அவள் லண்டனுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். ஒவ்வொரு நாளும் தன் கையால் சமைத்தார். தாச்சி கேட்டு வந்தவர்களை லாச்சியை இழுத்து எடுக்கச் சொன்னார். அந்த வெட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் வீட்டுக்கும் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். ஏழு குசினிக்குச் செய்துவிட்டேன். 'தம்பிராசா வெட்டு' என்று அதற்குப் பேரும் வந்துவிட்டது. பேரை நான் வைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இனி, அக்கா போன நாளுக்கு வருகிறேன். சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்து வீடுகளில்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். பின்னேரம் சுகந்தி வீட்டில் பெண்கள் கூடினார்கள். அரிசி வந்துவிட்டது, விறகு வந்துவிட்டது. அத்தனை பேருக்கு ஆக்கத் தாச்சி இல்லை. தாச்சி இருக்கிற வீடு இந்த வீடு. ஆறேழு பெண்கள் பின்வாசலால் குசினிக்குள் வந்து அலுமாரிக்கு முன்னால் நின்றார்கள். ஒருவரும் இழுக்கவில்லை.

"கேக்காம எப்பிடி எடுக்கிற?" என்றாள் சுகந்தி.

"ஆரட்டக் கேக்கிற?" என்றாள் பரமேஸ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செய்த அலுமாரி என்பதால் என்னிடம் கேட்டால் சரி என்று நினைத்திருக்கலாம். நான் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே அக்காவை வெள்ளைச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு வாயில் வந்தது அவருடைய மூன்று கேள்விதான். எத்தனை பேருக்கு, என்ன கறி, ஆர் ஆக்கிற என்று கேட்டேன். அந்தப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள். முந்நூறு பேருக்கு. பருப்பும் கத்தரிக்காயும். ஆக்கிறது சுகந்தியும் பரமேசும். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகுதான் லாச்சியை இழுத்தேன்.

அடுத்த நாள் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். அம்மாவின் பக்கத்தில் இருந்து அழுது முடித்த பிறகு குசினிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அவளுடன் லண்டனிலிருந்து ஒரு சிநேகிதி வந்திருந்தாள். ஜெசிந்தா லாச்சியை இழுத்து அந்த வெட்டைக் காட்டினாள்.

"எங்கட அம்மா தன்ட வீட்டிலயே இருந்து போனதுக்கு இதுதான் காரணம். இது தம்பிராசா மாமாட மூளை."

என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் தலையாட்டினேன். முன்னறையில் செபம் சொல்லும் சத்தம் கேட்டது. தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குவது குறைவு. பரமேஸ் என்ன என்று கேட்டால், வயிறு என்று சொல்கிறேன். இப்போது இந்த மலரில் அச்சாகப் போகிறது என்பதால் சொல்கிறேன். வாவியில் தோணி ஒன்றும் போகவில்லை. நான் பாலத்தடிக்குப் போகவும் இல்லை. அந்தப் பின்னேரம் என் கையில் இருந்தது இரும்பு அறுக்கும் வாள். தாச்சியின் ஒரு காதை அறுத்துவிட்டால் உள்ளே போய்விடும் என்று சொல்லி, தாச்சியைக் காலுக்கிடையில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காதில வாள வச்சா ஒன்ட காத அறுப்பன்," என்றார் அக்கா. "தாச்சிய ஏன் அறுக்கிறாய்? பலகைய அறு."

கதிரையில் இருந்தபடி என்னிடம் ஒரு கரித்துண்டு கேட்டார். தாச்சியைத் தன் மடியில் ஏற்றித் தரச் சொன்னார். காதைப் பலகையில் வைத்து அழுத்தி, சுற்றிக் கரியால் கோடு போட்டார். பிறகு தன் கையை வைத்து, "மூணு விரல் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டு. கூட வேணாம்," என்றார். நிற்காது, பலகை பிளந்துவிடும், இது எனக்குத் தெரிந்த தொழில் என்று நான் சொன்னேன். "அறு," என்றார். அறுத்தேன். நின்றது.

ஜெசிந்தா, உன் அம்மா அந்த வீட்டில் இருந்தது என் மூளையால் இல்லை. தன் வீட்டைத் தானே பிடித்து வைத்திருந்தார். நான் வாள் பிடித்தவன் மட்டும்தான்.

அன்று யன்னலுக்கு வெளியே நின்று 'என்ட' என்று நான் சொன்னபோது அவர் ஏன் மறுக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தாச்சி கைக்கு வந்தால் போதும், யாருடைய பேரில் வந்தால் என்ன என்று நினைத்தாரோ, பாவம் இவன் என்று விட்டாரோ, கறி கொதிக்கிற நேரத்தில் அது ஒரு கதையாகவே தெரியவில்லையோ. இரண்டு வருடத்தில் எத்தனையோ தரம் அந்தக் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவருடைய தாச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஜெசிந்தா. வேண்டாம் என்றேன். என்னிடம் அவருடையது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அவர் சொன்ன மூன்று விரல் அளவு. ஏழு குசினியிலும் அந்தப் பள்ளத்தை நான் ரேப் வைத்து அளக்கவில்லை. விரல் வைத்துத்தான் அளந்தேன். என் விரல் தடிப்பு, அவருடையது மெலிவு. என் கையில் அது இரண்டரை விரல்தான் வரும். ஆனாலும் கேட்கிறவர்களுக்கு மூன்று விரல் என்றே சொல்லி வந்திருக்கிறேன். இனி, அது யாருடைய விரல் என்பதையும் சொல்வேன்.